கட்டியவரைப் பார்த்துக்கொள்ள வாரம் 83 பவுண்டு

பிரிட்டனில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் வாரம் 16 மணி நேரம் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. காலையில் அவரை எழுப்பிக் குளிக்கவைத்து, சட்டை மாட்டிவிட்டு, மாத்திரை கொடுத்து, மதியச் சாப்பாட்டை அவர் கைக்கு எட்டும்படி எடுத்து வைத்துவிட்டுத்தான் இவர் பஸ் பிடிக்க வேண்டும். சம்பளம் மணிக்கு 12.21 பவுண்டு. அது 2025-26ஆம் ஆண்டுக்கான குறைந்தபட்சக் கூலி; இங்கே வரும் உதவித்தொகைகளும் வருமான வரம்பும் அதே ஆண்டுக்கானவை. 16 மணி நேரத்துக்கு 195.36 பவுண்டு வருகிறது. கணவரைப் பார்த்துக்கொள்வதற்காக அரசு தரும் பராமரிப்பாளர் உதவித்தொகை 83.30 பவுண்டு. இரண்டும் சேர்த்து வாரத்துக்கு 278.66.

கடை மேனேஜர் ஒருநாள், இனிமேல் வாராவாரம் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்து நிற்க முடியுமா என்று கேட்கிறார். நின்றால் சம்பளம் 207.57 ஆகும். ஆனால் இந்த உதவித்தொகை வாங்குகிறவர் வாரத்துக்கு 196 பவுண்டுக்கு மேல் சம்பாதிக்கக் கூடாது. அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய அளவுக்குக் கழிப்பதில்லை. 83.30 பவுண்டு முழுவதும் கிடைக்காமல் போய்விடும். ஒரு மணி நேரம் கூடுதலாக உழைத்ததற்கு அந்த வீட்டுக்கு 71 பவுண்டு நஷ்டம். 23 மணி நேரம் வேலை செய்தால்தான் பழைய 16 மணி நேரக் காலத்து வருமானத்தைக் கிட்டத்தட்ட எட்ட முடியும். இடையில் உழைக்கும் ஏழு மணி நேரமும் வீண். அந்த ஏழு மணி நேரம் கணவர் வீட்டில் தனியாகக் கிடக்க வேண்டும் என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை.

இது கணினிக் கோளாறு இல்லை. சட்டமே அப்படித்தான். உடல்நலம் குன்றிய துணையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற ஒருவரை பிரிட்டிஷ் அரசு எப்படி நினைக்கிறது என்று புரிந்துகொள்ள, இந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் போதும்.

எப்படியும் வீட்டில் இருப்பவள்தானே

மேரி வெப்ஸ்டர் ஒரு கிறிஸ்தவப் போதகர். வயதான பெற்றோரைக் கவனிக்க ஆளில்லாமல் 1954ல் தன் பணியை விட்டவர். 1963ல் பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். கல்யாணம் ஆகாத மகள்கள் வேலையை விட்டுவிட்டுப் பெற்றோருக்குச் சேவை செய்கிறார்கள், பெற்றோர் போன பிறகு கையில் காசும் இல்லாமல் ஓய்வூதியமும் இல்லாமல் நிற்கிறார்கள் என்பதுதான் அவர் சொன்னது. நாடெங்கும் அதே நிலைமையில் இருந்த பெண்கள் அவருக்கு எழுதினார்கள். 1965ல் திருமணமாகாத பெண்களுக்கென ஓர் அமைப்பு உருவானது. பராமரிப்பாளர்களுக்கான இன்றைய கேரர்ஸ் யுகே அமைப்பின் வேர் அதுதான்.

அந்த இயக்கம் கொடுத்த அழுத்தத்தில் 1976ல் பராமரிப்பாளர்களுக்கான உதவித்தொகை நடைமுறைக்கு வந்தது. வேலைக்குப் போயிருக்க வேண்டிய ஒருவர் நோயாளிக்காக வீட்டில் தங்கிவிட்டார், அவர் இழந்த சம்பளத்துக்கு ஒரு சிறு ஈடு என்பதுதான் அதன் அடிப்படை. செய்த பராமரிப்புக்குக் கூலி என்று யாரும் நினைக்கவில்லை. எனவே கல்யாணமான பெண்களுக்கு அது கிடையாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஒருவரோடு சேர்ந்து வாழும் பெண்களுக்கும் கிடையாது. 1974ல் வந்த அரசின் வெள்ளை அறிக்கை சொன்ன காரணம், அவர்கள் எப்படியும் வீட்டில்தான் இருந்திருப்பார்கள் என்பது. மனைவியைப் பார்த்துக்கொள்ளும் கணவன் விண்ணப்பிக்கலாம். கணவனைப் பார்த்துக்கொள்ளும் மனைவி விண்ணப்பிக்க முடியாது.

பத்து வருஷம் இப்படியே ஓடியது. ஜாக்கி டிரேக் என்ற பெண், கடும் ஊனமுற்ற தன் தாயைக் கவனிக்க 1984ல் வேலையை விட்டார். கல்யாணமானவர் என்பதால் உதவித்தொகை மறுக்கப்பட்டது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 1986 ஜூன் 24ஆம் தேதி தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்து, தீர்ப்புக்கு முந்தின நாளே மார்கரெட் தாட்சர் அரசு, கல்யாணமான பெண்களுக்கும் தருகிறோம் என்று அறிவித்துவிட்டது. 2003ல் பெயர் மாறி இன்றைய பெயர் வந்தது.

சட்டம் திருந்திவிட்டது. சட்டத்துக்குப் பின்னால் இருந்த நினைப்பு திருந்தவில்லை என்றுதான் நான் சொல்வேன். இன்றைய விதியைப் பாருங்கள். உதவித்தொகை வாங்க வாரம் குறைந்தது 35 மணி நேரம் பராமரிக்க வேண்டும். 83.30 பவுண்டை 35ஆல் வகுத்தால் மணிக்கு 2.38 பவுண்டு. 35க்குப் பதிலாக 100 மணி நேரம் பார்த்தாலும் அதே தொகைதான். கணவரோடு சேர்த்து மாமியாரையும் பார்த்துக்கொண்டாலும் அதே தொகைதான். இரவில் மூன்று முறை எழுந்து திருப்பிப் படுக்கவைத்தாலும் அதே தொகைதான். அதே வேலையைச் செய்ய வெளியிலிருந்து ஆள் வைத்தால் மணிக்கு 12.21 பவுண்டுக்குக் குறைவாகக் கொடுப்பது சட்டப்படி குற்றம்.

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 50 லட்சம் பேர் சம்பளமில்லாமல் யாரையோ பராமரிப்பதாகச் சொன்னார்கள். அந்த ஆண்டில் அவர்கள் செய்த வேலையின் மதிப்பு 162 பில்லியன் பவுண்டு என்று கேரர்ஸ் யுகேவும் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கணக்கிட்டார்கள். நாட்டின் மொத்த மருத்துவச் சேவையான என்எச்எஸ் செலவோடு ஒப்பிடக்கூடிய தொகை அது.

இடுப்புக்கு மேலே, இடுப்புக்குக் கீழே

இந்த 83 பவுண்டு நேராக வந்துவிடாது. பராமரிக்கப்படுகிறவருக்கு முதலில் ஊனமுற்றோர் உதவித்தொகை கிடைத்திருக்க வேண்டும். வேலை செய்யும் வயதில் இருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் பிப் (PIP, Personal Independence Payment). 2013ல் வந்தது. தினசரி வாழ்க்கைக்கு ஒரு பங்கு, நடமாட்டத்துக்கு ஒரு பங்கு என இரண்டு பகுதி. தினசரி வாழ்க்கைப் பகுதியில் சாதாரண நிலைக்கு வாரம் 73.90 பவுண்டு, கூடுதல் நிலைக்கு 110.40. நடமாட்டப் பகுதியில் 29.20 அல்லது 77.05. இவை 2025-26ஆம் ஆண்டுத் தொகைகள், ஏப்ரல்தோறும் கொஞ்சம் மாறும். வருமானம் எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு, துணை என்ன சம்பாதிக்கிறார் என்று எதையும் பிப்புக்குக் கேட்பதில்லை. இருக்கிற திட்டங்களில் இதுதான் நாணயமானது என்பேன். ஊனம் என்றாலே கூடுதல் செலவு என்பதை இது ஒப்புக்கொள்கிறது.

அந்தச் செலவு சின்னதில்லை. ஊனமுற்றவர் இருக்கும் வீடு மற்ற வீட்டுக்குச் சமமாக வாழ மாதம் 1,010 பவுண்டு கூடுதலாக வேண்டும் என்று ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் 2024ல் கணக்கிட்டது. நாள் முழுவதும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் குளிர் அதிகம் தெரியும், ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். படுக்கைவிரிப்பு தினமும் நனைந்தால் வாஷிங் மெஷினும் டிரையரும் தினமும் ஓடும். பஸ் ஏற முடியாதவருக்கு மருத்துவமனை போகவரக் கார் வேண்டும். சம்பளம் பாதியாகக் குறைந்த வீட்டில் பிப் பணம் மளிகைக்கும் கரண்ட் பில்லுக்கும் போய்விடுகிறது.

யாருக்குப் பிப் என்பதைப் புள்ளிகள் தீர்மானிக்கின்றன. தினசரி வாழ்க்கைக்குச் சமையல், சாப்பாடு, குளியல், உடை, கழிப்பறை என்று பத்துக் காரியங்கள். எட்டுப் புள்ளி வந்தால் சாதாரண நிலை, பன்னிரண்டு வந்தால் கூடுதல் நிலை. குளியலை மட்டும் பார்ப்போம். தலைமுடியையோ இடுப்புக்குக் கீழேயோ கழுவ இன்னொருவர் உதவி வேண்டுமானால் இரண்டு புள்ளி. ஷவருக்குள் ஏறி இறங்க உதவி வேண்டுமானால் மூன்று. தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில் கழுவ உதவி வேண்டுமானால் நான்கு. உடை மாற்றுவதிலும் இதே கதை. கீழ்பாதிக்கு உதவி இரண்டு புள்ளி, மேல்பாதிக்கு நான்கு. பேன்ட் மாட்டிவிட மனைவி வேண்டும், சட்டையைத் தானே எப்படியோ போட்டுக்கொள்வார் என்றால் அந்த ‘எப்படியோ’வில் இரண்டு புள்ளி போய்விடும்.

இங்கேதான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மதிப்பீடு செய்பவர் போனில், “உடை மாற்றிக்கொள்வீர்களா?” என்று கேட்டால், “ஓம், சமாளிச்சிடுவேன்” என்றுதான் வாயில் வருகிறது. முன்பின் தெரியாத ஒருவரிடம், என் மனைவிதான் என்னைக் கழுவிவிடுகிறாள் என்று சொல்ல எந்த மனிதருக்கும் கூசும். கணவனின் மானத்தைக் காக்க மனைவியும் பக்கத்திலிருந்து, “அவர் தானே செய்வார், நான் சும்மா கூட நிப்பேன்” என்பார். அந்தச் ‘சும்மா கூட நிற்பது’ கூட விதிப்படி மேற்பார்வை. குளியல் போன்ற காரியங்களில் அதற்கும் புள்ளி உண்டு. ஒரு காரியத்தை ஆபத்தில்லாமல், ஒழுங்காக, தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிகிறதா என்பதுதான் கேள்வி. என்றோ ஒரு நல்ல நாளில் முடிந்தது என்பது பதிலாகாது. தீர்ப்பாயம் வரை போகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சாதகமாகவே முடிவு வருகிறது. மறுப்புக் கடிதம் வந்ததும் விட்டுவிடக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

பிப்பின் தினசரி வாழ்க்கைப் பகுதி நின்றால், அதை நம்பி நிற்கும் பராமரிப்பாளர் உதவித்தொகையும் அன்றே நின்றுவிடும். வீட்டுக்கு ஒரே கடிதத்தில் இரண்டு வருமானம் போகும். 2025 மார்ச்சில் லேபர் அரசு, ஏதாவது ஒரு காரியத்தில் தனியாக நான்கு புள்ளியாவது வாங்கினால்தான் தினசரி வாழ்க்கைப் பகுதி என்று ஒரு மாற்றத்தை முன்வைத்தது. இரண்டிரண்டாகச் சேர்த்து எட்டு வாங்கியவர்கள் அடியோடு வெளியே. அந்த மாற்றத்தால் 1,50,000 பராமரிப்பாளர்கள் தங்கள் உதவியை இழப்பார்கள் என்று அரசின் மதிப்பீடே சொன்னது. சொந்தக் கட்சி எம்பிக்கள் எதிர்த்ததால் ஜூலை மாதம் நாடாளுமன்ற விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே அந்தப் பிரிவை விலக்கினார்கள். அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் தலைமையில் பிப்பை முழுதாக ஆராயும் வேலை ஒப்படைக்கப்பட்டது. அந்தச் சில மாதங்கள் பல வீடுகளில் தூக்கமே இல்லை.

ஒரு பவுண்டு தாண்டியதற்கு நாலாயிரம்

196 பவுண்டு வரம்பு என்று சொன்னேன். 2025 ஏப்ரலுக்கு முன் அது 151 பவுண்டுதான். குறைந்தபட்சக் கூலி வருஷாவருஷம் ஏறியது, வரம்பு அதே வேகத்தில் ஏறவில்லை. அதே வேலை, அதே மணி நேரம் பார்த்தவர்கள் சம்பளம் ஏறிய ஒரே காரணத்துக்காகக் கோட்டைத் தாண்டினார்கள். பலருக்குத் தாண்டியதே தெரியாது.

அரசுக்குத் தெரியும் என்பதுதான் கொடுமை. வரித்துறையிடமிருந்து சம்பள விவரம் வேலை மற்றும் ஓய்வூதியத் துறைக்கு வந்துகொண்டே இருக்கிறது. யாராவது வரம்பைத் தாண்டினால் கணினி எச்சரிக்கை கொடுக்கும். அந்த எச்சரிக்கைகளில் ஏறக்குறைய பாதியைத்தான் ஊழியர்கள் எடுத்துப் பார்த்தார்கள். மீதி அப்படியே கிடந்தது. மாதங்கள், சில சமயம் வருஷங்கள் கழித்து ஒரு கடிதம் வரும். இத்தனை வாரம் தகுதியில்லாமல் வாங்கியிருக்கிறீர்கள், மொத்தத்தையும் திருப்பிக் கட்டுங்கள்.

வாரம் ஒரு பவுண்டு வீதம் ஒரு வருஷம் தாண்டிய ஒருவர் கூடுதலாகச் சம்பாதித்தது 52 பவுண்டு. 2025-26ஆம் ஆண்டுத் தொகைப்படி அவர் திருப்பித் தர வேண்டியது 4,331 பவுண்டு 60 பென்ஸ். 2024ல் கார்டியன் பத்திரிகை இதைத் தொடர்ந்து எழுதியது. அப்போது 1,34,000க்கும் அதிகமானோர் மொத்தம் 251 மில்லியன் பவுண்டு திருப்பிக் கட்ட வேண்டிய நிலையில் இருந்தார்கள். சிலர் மீது மோசடி வழக்கே போடப்பட்டது. நாடாளுமன்றக் குழுவும் தேசியத் தணிக்கை அலுவலகமும் 2019லேயே எச்சரித்திருந்தன. ஐந்து வருஷம் யாரும் அசையவில்லை. நோயாளியைப் பார்த்துக்கொண்டு, கிடைத்த நேரத்தில் ஓடிப்போய் வேலை செய்து வந்தவர்களை ஏமாற்றுக்காரர்களாக நிறுத்திய இந்த விவகாரம், சமீப காலத்தில் ஒரு நலத்துறை செய்த மிகப் பெரிய அநியாயங்களில் ஒன்று.

2024 அக்டோபரில் அரசு, ஊனமுற்றோர் உரிமைகளில் நீண்ட அனுபவம் உள்ள லிஸ் சேயிஸிடம் விசாரணையை ஒப்படைத்தது. 2025 நவம்பரில் அறிக்கை வந்தது. சம்பளம் வாரத்துக்கு வாரம் மாறும்போது எப்படிச் சராசரி பார்ப்பது என்று துறை தன் ஊழியர்களுக்குக் கொடுத்திருந்த வழிகாட்டுதலே தவறாக இருந்தது தெரிந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் கூடுதல் ஷிஃப்ட் பார்த்தவர், வருஷக் கடைசியில் போனஸ் வாங்கியவர் எல்லாம் இதில் அடிபட்டார்கள். பெரும்பாலான பரிந்துரைகளை அரசு ஏற்றது. 2015 முதல் 2025 வரையிலான வழக்குகளைத் திரும்பப் பார்த்து, தவறாக விழுந்த கடனைக் குறைப்பதாகவோ ரத்து செய்வதாகவோ சொல்லியிருக்கிறது. ஆனால் ஒரு பவுண்டு தாண்டினால் எல்லாம் போகும் என்ற அந்த அடிப்படை விதி அறிக்கைக்குப் பிறகும் அப்படியேதான் இருந்தது.

ஒரே பர்ஸ்

பராமரிப்பது பெற்றோரையா, துணையையா என்பது இங்கே பெரிய வித்தியாசம் செய்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கான முக்கிய உதவி யுனிவர்சல் கிரெடிட். கணவன் மனைவி, அல்லது சேர்ந்து வாழ்பவர்கள், ஒரே விண்ணப்பமாகத்தான் போட வேண்டும். இருவர் சம்பளமும், இருவர் சேமிப்பும் ஒன்றாகச் சேர்க்கப்படும். சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் ஒரு பென்னி கிடையாது. தனி ஆளுக்கும் 16,000தான், இரண்டு பேருக்கும் சேர்த்து அதே 16,000தான். 2013ல் திட்டம் தொடங்கியதிலிருந்து அந்த எண் மாறவே இல்லை. மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்ததும் அதில் வரும். ஊரில் இருக்கும் காணியும் வரும். வெளிநாட்டுச் சொத்தைச் சொல்லாமல் விட்டு, பின்னால் தெரியவந்து கடனாளியானவர்கள் உண்டு.

நோயில் விழுந்தவர் நேற்றுவரை சம்பாதித்த மனிதர். இன்று அவர் பெயரில் எதுவும் கிடைக்குமா என்பது மனைவியின் சம்பளச் சீட்டைப் பொறுத்தது. இதற்கு முன் வேலை பார்த்துத் தேசியக் காப்பீட்டுச் சந்தா போதிய அளவு கட்டியிருந்தால் அவருக்குத் தனியாக ஒரு நோய்க்கால உதவித்தொகை வரலாம். இல்லையென்றால் பிப்பைத் தவிர, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் காசுக்குக்கூட மனைவியிடம்தான் கை நீட்ட வேண்டும். உடம்புக்கு அவளைச் சார்ந்தது போதாது என்று காசுக்கும் சார்ந்திருக்க வைக்கிறது இந்த ஏற்பாடு. ஒரு தாம்பத்தியத்துக்குள் இது என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

யுனிவர்சல் கிரெடிட் வாங்கும் வீட்டில் பராமரிப்பாளர் உதவித்தொகைக்கு நேரும் கதி இன்னும் விசித்திரம். வாரம் 83.30 என்பது மாதத்துக்கு 360.97 பவுண்டு. அதை ஒரு கையால் கொடுத்துவிட்டு, யுனிவர்சல் கிரெடிட்டில் அதே 360.97ஐ மறு கையால் கழித்துவிடுவார்கள். பதிலுக்குப் பராமரிப்பாளர் பங்கு என்று மாதம் 201.68 பவுண்டு சேர்ப்பார்கள். நிகர லாபம் வாரத்துக்கு சுமார் 46 பவுண்டு. 35 மணி நேரத்துக்கு வகுத்துப் பார்த்தால் மணிக்கு 1.33. கையில் காசே இல்லாதவர்களுக்குத்தான் இந்தக் குறைந்த விலை.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு நல்ல விஷயமும் உண்டு. யுனிவர்சல் கிரெடிட்டின் அந்தப் பராமரிப்பாளர் பங்குக்கு 196 பவுண்டு வரம்பு கிடையாது. முழுநேர வேலை பார்த்துக்கொண்டே வாரம் 35 மணி நேரம் துணையைக் கவனிப்பவரும் அதைக் கேட்கலாம். சம்பளம் ஏற ஏற மொத்தத் தொகை படிப்படியாகக் குறையும், ஒரேயடியாக அறுந்து விழாது. சூப்பர்மார்க்கெட் பெண் 17ஆவது மணி நேரம் நிற்பதற்கு முன்னால் இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

இன்னொரு பக்கம் கவுன்சில், அதாவது உள்ளாட்சி நிர்வாகம். நோயாளியைக் குளிப்பாட்ட ஆள் அனுப்பக் கேட்டால், இங்கிலாந்தில் கவுன்சில் நோயாளியின் பணத்தை மட்டும்தான் பார்க்கும். 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டப்படி துணையின் சம்பளத்தைத் தொட முடியாது. நோயாளியின் சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் அவருடையது. அந்த எண்ணும் 2010லிருந்து மாறவில்லை. ஒரே வீடு, ஒரே தம்பதி. உதவி கொடுக்கும் கணக்கில் இருவரும் ஒருவர், கட்டணம் வாங்கும் கணக்கில் இருவரும் வேறு வேறு. இந்த இரண்டாவது கணக்கு தம்பதிக்குச் சாதகமானது என்பதால் நான் குறை சொல்லவில்லை. தனித்தனியாகப் பார்ப்பது அரசால் முடியாத காரியமில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

தம்பதி என்றாலே ஒன்றாக இருப்பவர்கள் என்ற எண்ணம் படுக்கையறை வரை வந்தது. 2013ல், அரசு வீட்டில் தேவைக்கு மேல் ஒரு படுக்கையறை இருந்தால் வாடகையில் 14 சதவீத அளவுக்கு உதவி குறைப்பு என்று விதி வந்தது. சவுத்போர்ட்டில் ஒரு தம்பதி. மனைவிக்குப் பிறவியிலேயே முதுகுத்தண்டுக் குறைபாடு. மருத்துவமனைக் கட்டில்தான் அவருக்குச் சரிப்படும், அந்த அறையில் இன்னொரு கட்டில் போட இடமில்லை. முழுநேரமும் அவரைக் கவனிக்கும் கணவர் பக்கத்து அறையில் தூங்கினார். கணவன் மனைவிக்கு ஓர் அறை போதும், இரண்டாவது அறை உபரி என்று குறைத்துவிட்டார்கள். வெளியிலிருந்து வந்து இரவு தங்கும் பராமரிப்பாளர் என்றால் அறை உண்டு. கட்டிய கணவனே பராமரிப்பாளர் என்றால் கிடையாது. 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதில் நியாயமே இல்லை என்று அந்தத் தம்பதிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு விதி மாறியது.

விசாவில் வந்த மனைவி

இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போனவர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. துணை விசாவில் பிரிட்டன் வருகிறவரின் விசாவில், பொது நிதியைத் தொடக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். நிரந்தர வதிவிட உரிமை கிடைக்கும்வரை, வழக்கமாக ஐந்து வருஷம், பராமரிப்பாளர் உதவித்தொகை அவருக்குக் கிடையாது. பிப், யுனிவர்சல் கிரெடிட் எல்லாமே அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

இங்கே இருப்பவருக்குப் பிப் கிடைத்தால், துணையை அழைக்க வழக்கமாகக் காட்ட வேண்டிய வருஷ வருமானமான 29,000 பவுண்டைக் காட்டத் தேவையில்லை. குடும்பம் நடத்தப் போதுமான பணம் இருக்கிறது என்று காட்டினால் போதும். கண் தெரியாத, அல்லது டயாலிசிஸ் செய்துகொண்டிருக்கும் ஒருவர் இந்த வழியில் மனைவியை வரவழைக்கிறார். வந்த நாளிலிருந்து அவர் பராமரிப்பாளர். ஆனால் அரசின் கணக்கில் அவர் கிட்டத்தட்ட இல்லாதவர். கணவர் தனி ஆள் விகிதத்தில்தான் யுனிவர்சல் கிரெடிட் வாங்கலாம். அதிலும் மனைவி எங்காவது வேலைக்குப் போனால் அந்தச் சம்பளத்தையும் கணக்கில் எடுத்து உதவியைக் கழிப்பார்கள். கொடுக்கும்போது கண்ணில் படாதவர், கழிக்கும்போது மட்டும் கண்ணில் படுகிறார். கணவர் தன் பெயரில் பிப் வாங்குவதால் மனைவியின் விசாவுக்குப் பாதகம் வராது. இந்தப் பயத்தில் விண்ணப்பிக்காமலே இருப்பவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. மனைவிக்காகவும் சேர்த்து எதையாவது கேட்பதற்கு முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

மொழியும் ஒரு பிரச்சினை. பல வீடுகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் பெற்றோருக்கு ஃபார்ம் நிரப்பித் தருகிறார்கள். அப்பாவுக்குச் சிறுநீர் கட்டுப்பாடு இல்லை என்பதை ஒரு பதினான்கு வயது மகள் எழுதித் தர வேண்டியிருக்கும். அவர் சொல்ல மாட்டார், அவளும் எழுத மாட்டாள், புள்ளியும் வராது. தீர்ப்பாயத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகவே கேட்கலாம்.

வேலையை விடுவதற்கு முன்

துணைக்கு நோய் வந்ததும் பலர் செய்கிற முதல் காரியம் வேலையை விடுவது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது வேறு எதுவும் தோன்றாது. 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் பராமரிப்பாளர் விடுப்புச் சட்டப்படி வருஷத்துக்கு ஒரு வாரம் விடுப்பு கேட்க உரிமை உண்டு. சம்பளம் கிடையாது. வேலை நேரத்தை மாற்றித் தரும்படி கேட்கும் உரிமையும் இருக்கிறது, முதலாளி மறுக்கவும் முடியும். இருந்தாலும் கேட்காமல் விலகுவதைவிடக் கேட்டுப் பார்ப்பது மேல். விட்ட வேலை ஐம்பது வயதுக்கு மேல் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

ஓய்வூதியத்தையும் இப்போதே யோசிக்க வேண்டும். முழு அரசு ஓய்வூதியம் வாங்கப் பொதுவாக 35 வருஷச் சந்தா வேண்டும். பராமரிப்பாளர் உதவித்தொகை வாங்கும் வாரங்களுக்குச் சந்தா தானாகவே வரவு வைக்கப்படும். சம்பளத்தாலோ வேறு காரணத்தாலோ அது கிடைக்காதவர்கள், வாரம் 20 மணி நேரம் பராமரித்தாலே பராமரிப்பாளர் வரவு என்பதற்குத் தனியாக விண்ணப்பிக்கலாம். அதில் கையில் காசு வராது என்பதால் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். ஓய்வூதிய வயது வந்ததும் பராமரிப்பாளர் உதவித்தொகை பெரும்பாலும் நின்றுவிடும். அரசு ஓய்வூதியம் அதைவிட அதிகமாக இருந்தால் இரண்டையும் சேர்த்துத் தருவதில்லை. எழுபது வயது மனைவி எழுபத்தைந்து வயது கணவரைத் தூக்கி உட்காரவைப்பது அந்த வயதில் இன்னும் கடினமான வேலை. ஆனால் அரசின் கண்ணில் அது இழந்த சம்பளமாகத் தெரியாது, அதனால் ஈடும் கிடையாது. ஆனாலும் விண்ணப்பித்துத் தகுதியைப் பதிவு செய்துவைத்தால், வருமானம் குறைந்த ஓய்வூதியர்களுக்கான பென்ஷன் கிரெடிட்டில் பராமரிப்பாளருக்கென ஒரு கூடுதல் தொகை வரும்.

அப்புறம், தேதி. பிப்புக்கு விண்ணப்பித்து முடிவு வர மாதக்கணக்கில் ஆகும். அந்த முடிவுக் கடிதம் வந்த மூன்று மாதத்துக்குள் பராமரிப்பாளர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால், பிப் தொடங்கிய தேதியிலிருந்தே முன்தேதியிட்டுத் தருவார்கள். மூன்று மாதம் தாண்டிவிட்டால் விண்ணப்பித்த நாளிலிருந்து பின்னோக்கி மூன்று மாதத்துக்குத்தான் கிடைக்கும், அதற்கு முந்தினது போனது போனதுதான். யுனிவர்சல் கிரெடிட் வாங்குகிறவர்கள் பராமரிப்பாளர் பங்கை, தங்கள் ஆன்லைன் கணக்கில் இருக்கும் ஜர்னல் என்ற பகுதியில் தாங்களாகவே கேட்க வேண்டும், யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகங்களிலும் கேரர்ஸ் யுகேயின் தொலைபேசி உதவியிலும் இந்தக் கணக்கையெல்லாம் காசு வாங்காமல் போட்டுத் தருகிறார்கள். போகும்போது பிப் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு போகவும்.